நிறமூர்த்தம், பாசல் சாயம், அப்புறம் ஒரு ஒளிரும் ஆன்டிபாடி

நம்ம தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்துல குரோமோசோம்னு அப்படியே எழுதிட்டுப் போயிடுவோம். இங்க சுவிட்சர்லாந்துல பழக்கமான ஈழத்து நண்பர்கள் அதையே 'நிறமூர்த்தம்'னு சொல்றாங்க. இலங்கைப் பாடநூல் சொல். செல்லுக்குக் கலம், மைட்டாசிஸுக்கு இழையுருப்பிரிவு, ஆன்டிபாடிக்குப் பிறபொருளெதிரி. முதல்ல கேட்டப்போ நிறமூர்த்தம்ங்கிறது ஏதோ கர்ப்பக்கிரகத்துக்குள்ள இருக்கிற சாமி பேர் மாதிரி இருந்துச்சு. யோசிச்சுப் பார்த்தா எவ்வளவு பொருத்தமான சொல்! 1888ல வால்டேயர்ங்கிற ஜெர்மன்காரர் குரோமோசோம்னு பேர் வச்சதே, அது சாயத்தை நல்லாப் பிடிச்சுக்குதுங்கிற காரணத்துக்காகத்தான். அதோட வேலை என்னன்னு அப்போ யாருக்கும் உறுதியாத் தெரியாது. கண்ணுக்குத் தெரிஞ்சது நிறம் மட்டும்தான், அதையே பேராக்கிட்டாங்க.

இந்தப் பதிவு ஒரு ஆன்டிபாடியைப் பத்தினது. செல் ரெண்டாப் பிரியும்போது ஈஜி5ன்னு ஒரு மோட்டார் புரதம் வேலை செய்யுது. அதை ஒளிர வச்சுப் பார்க்க ஒரு ஆன்டிபாடி. ஆனா சாயத்துல இருந்து தொடங்கலைன்னா கதை புரியாது. நுண்ணோக்கியில பார்க்கிறதை எப்போ நம்பலாம், எப்போ நம்பக்கூடாதுங்கிற நூத்தம்பது வருஷச் சண்டைதான் இதுக்குள்ள ஓடுது.

சாயம்னா பாசல். ரைன் ஆத்தங்கரையில இருக்கிற இந்த ஊர்ல 1859ல அலெக்சாந்தர் கிளாவெல்ங்கிற பட்டுச் சாயக்காரர் ஃபுக்சின்னு ஒரு சிவப்பு அனிலின் சாயம் தயாரிக்க ஆரம்பிச்சார். அதுல இருந்து வளர்ந்ததுதான் சீபா. கைகி, சாண்டோஸ் எல்லாமும் சாயக் கம்பெனிகளா இருந்து மருந்துக் கம்பெனிகளா மாறினதுதான். (சீபாவும் கைகியும் 1970ல சேர்ந்து, அது சாண்டோஸோட 1996ல சேர்ந்து நோவார்ட்டிஸ் ஆச்சு.) அதுக்கும் நூறு வருஷம் முன்னாடி சுவிஸ்காரங்க 'இந்தியேன்'னு ஒரு அச்சுத்துணி வியாபாரம் பண்ணிட்டு இருந்தாங்க. பேரே சொல்லுதே, நம்ம சோழமண்டலக் கரைச் சீட்டித்துணியைப் பார்த்து இங்க அச்சடிச்சது. சாயவேரும் அவுரியும் போட்ட துணியைப் பார்த்து ஆசைப்பட்டவங்களோட பேரப்பிள்ளைகள் நிலக்கரித் தாரை வடிச்சு சாயம் எடுத்துட்டாங்க. இதை யாராவது தனியா எழுதணும், நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இது தெரியாது.

அந்த அனிலின் சாயங்களை வச்சுத்தான் ஜெர்மனியில வால்டர் ஃப்ளெமிங் (பென்சிலின் ஃப்ளெமிங் இல்ல, இவர் வேற) சாலமாண்டர் புழுக்களோட செல்களைச் சாயம் ஏத்திப் பார்த்து, 1882ல புத்தகமாவே போட்டார். உட்கரு உடைஞ்சு நூல் நூலாகிறது, நூல்கள் நடுவுல வரிசை கட்டுறது, நீளவாக்குல பிளந்து ரெண்டு பக்கமும் போறது. மைட்டாசிஸ்ங்கிற சொல்லே அவர் கொடுத்தது. நூலுக்கான கிரேக்கச் சொல்லுல இருந்து வந்தது, அதான் 'இழையுரு'ப்பிரிவு. நடுவுல பெருத்து ரெண்டு முனையும் கூம்பின ஒரு இழைக்கட்டையும் அவர் வரைஞ்சிருக்கார். அதுக்கு ஸ்பிண்டில்னு பேர். பள்ளிக்கூடத்துல தக்ளி நூத்தவங்களுக்கு இந்த உருவம் சட்டுனு பிடிபடும், நூல் சுத்தின கதிர்தான்.

இங்கதான் சண்டை ஆரம்பம். சாயம் ஏத்தணும்னா செல்லைக் கொல்லணும். அமிலத்துலயோ ஃபார்மலின்லயோ போட்டு இறுக வைக்கணும். அப்படி இறுகும்போது முட்டை வெந்தா வெள்ளைக்கரு திரியற மாதிரி செல்லுக்குள்ள இருக்கிறதும் திரியலாம் இல்லையா? "நீங்க பார்க்கிற இழை செல்லுல இல்ல, உங்க புட்டியில இருக்கு"ன்னு சொல்றவங்க ஒரு கட்சியாவே இருந்தாங்க. உயிரோட இருக்கிற செல்லைச் சாதாரண நுண்ணோக்கியில பார்த்தா ஸ்பிண்டில் இழைகள் கண்ணுக்குத் தெரியறதில்ல. அதனால அந்தக் கட்சி அறுபது, எழுபது வருஷம் தெம்பாவே இருந்துச்சு. 1953ல ஷின்யா இனோவேங்கிற ஜப்பானியர், தானே கட்டமைச்ச முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில, உயிரோட பிரியற செல்லுலயே இழைகளைக் காட்டினதுக்கு அப்புறம்தான் அது அடங்குச்சு. ஃப்ளெமிங் பார்த்தது நிஜம்தான். ஆனா அது நிஜம்னு அவரோட சாயத்தால மட்டும் நிரூபிக்க முடியல. இதை மனசுல வச்சுக்கோங்க.

சாயத்தோட இன்னொரு குறை, அதுக்கு ஆள் அடையாளம் தெரியாது. அமிலத்தன்மை இருக்கிற எதையும் பிடிக்கும். செல்லுக்குள்ள இருக்கிற பல்லாயிரம் வகைப் புரதத்துல 'இந்த ஒண்ணை மட்டும் காட்டு'ன்னா சாயம் முழிக்கும். ஆள் அடையாளம் தெரிஞ்ச ஒண்ணு நம்ம ரத்தத்துலயே இருக்கு, ஆன்டிபாடி. அதோட வாலுல ஒரு விளக்கைக் கட்டிவிட்டா என்னன்னு யோசிச்சவர் அமெரிக்க டாக்டர் ஆல்பர்ட் கூன்ஸ். 1939 கோடையில பெர்லினுக்குப் போயிருந்தப்போ வந்த யோசனை. கீல்வாதக் காய்ச்சல்ல திசுவுக்குள்ள வர்ற முடிச்சுகள்ல கிருமியோட பொருள் ஏதாவது இருக்கான்னு பார்க்கணும், அதான் அவரோட கவலை. ஹார்வர்டுக்குத் திரும்பி வேதியியல்காரங்களோட கூட்டு சேர்ந்து 1941ல முதல் ஒளிரும் ஆன்டிபாடியைப் பண்ணிட்டார். சிக்கல் என்னன்னா அது நீலமா ஒளிர்ந்துச்சு. திசுக்களும் புற ஊதா வெளிச்சம் பட்டா சுயமாவே நீலமாத்தான் ஒளிரும்! திருவிழா சீரியல் செட்டுக்கு நடுவுல ஒரு பல்பைத் தேடற கதை. அப்புறம் பச்சையா ஒளிர்ற ஃப்ளோரசினுக்கு மாறினாங்க. 1942ல நிமோனியாக் கிருமியோட பொருளைத் திசுவுக்குள்ள பச்சையாக் காட்டினாங்க.

இப்போ எல்லா லேப்லயும் பண்றது அதோட மறைமுக வடிவம். முதல் ஆன்டிபாடிக்கு விளக்கு கிடையாது. உதாரணமா முயல்ல எடுத்த ஆன்டிபாடி போய் நம்ம புரதத்துல உட்காரும். கழுவணும். அப்புறம் 'முயல் ஆன்டிபாடி எங்க கண்டாலும் பிடி'ங்கிற ஆட்டு ஆன்டிபாடி, அதோட முதுகுல விளக்கு. ஒரு முயல் மேல ரெண்டு மூணு ஆடு உட்காரும், வெளிச்சமும் அத்தனை மடங்கு கூடும். மறுபடி கழுவு, கழுவு, கழுவு. முனைவர் பட்டத்துல பாதி பாத்திரம் கழுவறதுதான் :-) இன்னொரு ரகசியம்: பத்திரிகை அட்டையில பச்சை, சிவப்பு, நீலம்னு ஜொலிக்கிற படம் எல்லாம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை கேமராவுல எடுத்தது. நிறம் பின்னாடி நாம மென்பொருள்ல கொடுக்கிறது. பொய் இல்ல, ஆனா சினிமா போஸ்டர் மாதிரி கொஞ்சம் அலங்காரம்.

1970களோட நடுவுல இது செல் எலும்புக்கூட்டுப் பக்கம் திரும்புச்சு. 1974ல லாசரிடிஸும் வெபரும் ஆக்டின் இழைகளைக் காட்டினாங்க. அடுத்த வருஷம் மாட்டு மூளையில பிரிச்செடுத்த டியூபுலினுக்கு எதிரான ஆன்டிபாடியால ஸ்பிண்டில் முழுசா ஒளிர்ந்துச்சு. ஃப்ளெமிங் வரைஞ்ச அதே தக்ளி, இப்போ ஒரே ஒரு புரதத்தோட பேரைச் சொல்லி.

அதே 1975லதான் பாசல் மறுபடி கதைக்குள்ள வருது. ஹாஃப்மன் லா ரோஷ் பணம் கொடுத்து, கிரென்சாகர்ஸ்ட்ராசே தெருவுல பாசல் நோய் எதிர்ப்பியல் நிறுவனம்னு ஒண்ணு நடந்துட்டு இருந்துச்சு. இயக்குநர் நீல்ஸ் யெர்னெ. அங்க முனைவர் ஆய்வு பண்ணின ஜெர்மன் பையன் ஜார்ஜ் கோஹ்லர். 1973ல கேம்பிரிட்ஜ்ல இருந்து சேசர் மில்ஸ்டைன் பாசலுக்கு வந்து பேசினதைக் கேட்டுட்டு, ஆய்வு முடிஞ்சதும் அவர்கிட்டயே போயிட்டார். சிக்கல் இதுதான்: ஒரு மிருகத்தோட ரத்தத்துல இருக்கிறது ஒரு ஆன்டிபாடி இல்ல, ஒரு கூட்டம். ஒவ்வொரு மிருகத்துலயும் அந்தக் கூட்டம் வேற மாதிரி. அந்த மிருகம் செத்தா அதோட சரக்கும் முடிஞ்சது. ஒரே ஆன்டிபாடியை மட்டும் சுரக்கிற செல்லைத் தனியாப் பிரிச்சு வளர்த்தா, அது கிண்ணத்துல சில நாள்ல செத்துடும். கோஹ்லரும் மில்ஸ்டைனும் அந்த செல்லை, சாகவே சாகாத ஒரு புற்றுநோய் செல்லோட ஒட்ட வச்சாங்க. பிறந்த குழந்தைக்கு அப்பாவோட ஆன்டிபாடி, அம்மாவோட ஆயுசு. ஆட்டு ரத்தச் சிவப்பணுக்களுக்கு எதிரா சுரக்குதான்னு சோதனை: சுரந்தா செல்லைச் சுத்தி சிவப்பணுக்கள் உடைஞ்சு ஒளிவட்டம் மாதிரி தெரியணும். முடிவு பார்க்க, தனியாப் போனா போரடிக்கும்னு மனைவியையும் ஜன்னல் இல்லாத லேபுக்குக் கூட்டிட்டுப் போனாராம் கோஹ்லர். தட்டு முழுக்க வட்டம்!

1975 ஆகஸ்ட்ல 'நேச்சர்'ல வந்துச்சு. காப்புரிமை எடுக்கல. இன்னிக்கு மோனோகுளோனல் மருந்துச் சந்தையைப் பார்க்கிறவங்க தலையில அடிச்சுக்கிற விஷயம் இது. எனக்கு என்னமோ அது நடந்த நல்லதுன்னுதான் தோணுது. உலகம் முழுக்க லேபுக்கு லேப் செல்லைப் பரிமாறிக்கிட்டாங்க. கோஹ்லர் 1976ல பாசலுக்கே திரும்பி வந்தார். 1984ல யெர்னெ, மில்ஸ்டைன், கோஹ்லர் மூணு பேருக்கும் நோபல். அப்புறம் ஃப்ரைபுர்க்ல மாக்ஸ் பிளாங்க் நிறுவன இயக்குநரா இருந்தவர் 1995ல, 48 வயசுல இறந்துட்டார். பாசல் நிறுவனத்தையும் 2000ல மூடிட்டாங்க.

சரி, மோட்டாருக்கு வருவோம். 1985ல வேல், ரீஸ், ஷீட்ஸ் மூணு பேரும் கணவாய் மீனோட நரம்புல இருந்து கைனசினைக் கண்டுபிடிச்சாங்க, நுண்குழல் மேல சரக்கு தூக்கிட்டு நடக்கிற புரதம். அதோட சொந்தக்காரங்க வரிசையா வந்தாங்க. 1990ல ஈஸ்ட்லயும் பூஞ்சையிலயும் ஸ்பிண்டில் கட்ட முடியாம தவிச்ச வகைகள்ல ரெண்டு ஜீன். 1991ல பிரான்ஸோட ரென் நகரத்துல தவளை முட்டையில இருந்து ஈஜி5.

ஈஜி5 செய்யற வேலை விசித்திரமானது. ரெண்டு படகுல கால் வைக்காதேன்னு ஊர்ல சொல்வாங்க இல்லையா, இதோட பிழைப்பே அதுதான். நாலு மூலக்கூறு சேர்ந்து ஒரு தண்டால் கட்டை மாதிரி, ரெண்டு முனையிலயும் ரெண்டு ரெண்டு கால். ஒரு முனை இந்த நுண்குழல் மேல, மறுமுனை எதிர்த்திசையில போற இன்னொரு நுண்குழல் மேல. ரெண்டு பக்கமும் நடக்க நடக்க ரெண்டு குழலும் எதிரெதிரா நழுவி விலகும். சரக்கு தூக்கற கைனசினோட ஒப்பிட்டா ஆமை வேகம். ஆனா ஸ்பிண்டிலோட ரெண்டு துருவமும் விலகி நிக்கிறது இந்தத் தள்ளலாலதான். இப்படி இரட்டை முனை இருக்குன்னே 1996லதான் தெரிஞ்சது. ரெண்டு குழலையும் அது நழுவ வைக்கிறதைக் கண்ணாடித் தகட்டுல நேரடியாப் பார்த்தது 2005ல.

இது எதுவும் தெரியாத காலத்துல, மனுஷ செல்லுல ஈஜி5 என்ன பண்ணுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒளிரும் ஆன்டிபாடி போட்டா, பிரியற செல்லுல ஸ்பிண்டில் மேலயும் துருவங்கள்லயும் ஒளிருது. சரி. அதனால என்ன? கல்யாண வீட்டு போட்டோவுல இருக்கிறவங்க எல்லாம் மாப்பிள்ளை ஆயிட முடியுமா? அங்க இருக்குங்கிறது வேற, அதுதான் காரணம்ங்கிறது வேற. ஈஸ்ட்ல ஜீனை உடைச்சுப் பார்க்கலாம். மனுஷ செல்லுல அது அப்போ சுலபமில்ல, ஆர்.என்.ஏ.யால ஜீனை அடக்கற வித்தை மனுஷ செல்லுக்கு வந்தது 2001லதான்.

விடை வந்தது லோசான் நகரத்துக்கு மேல, எப்பலாஞ்ச்ங்கிற ஊர்ல இருந்த சுவிஸ் பரிசோதனைப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்துல. (அது 2008ல லோசான் இ.பி.எஃப்.எல்.லோட இணைஞ்சிடுச்சு.) எரிக் நிக்கோட குழு. 1995 டிசம்பர்ல 'செல்' இதழ்ல வந்த கட்டுரை, முதல் பேர் ஆன் பிளாங்ஜி, அடுத்தது ஹெய்டி லேன். அவங்க பண்ணினது, ஈஜி5க்கு எதிரான ஆன்டிபாடியை உயிரோட இருக்கிற ஹீலா செல்லுக்குள்ளயே ஊசியால செலுத்தினது. கண்ணாடிக் குழாயை இழுத்துக் கூராக்கி, ஒவ்வொரு செல்லாக் குத்தணும். ஆயிரம் செல் தேவைன்னா ஆயிரம் குத்து.

செத்த செல்லுல விளக்கா இருந்த அதே ஆன்டிபாடி, உயிரோட இருக்கிற செல்லுக்குள்ள மோட்டாரோட காலைக் கட்டிப்போடற கயிறு ஆச்சு. ஊசி போட்ட செல்கள்ல துருவங்கள் பிரியவே இல்ல. நடுவுல ஒத்தைத் துருவம், அதுல இருந்து எல்லாப் பக்கமும் நுண்குழல், விளிம்புல வட்டமா குரோமோசோம்கள். தக்ளி இருக்க வேண்டிய இடத்துல சூரியகாந்திப் பூ. செல் அப்படியே நின்னுபோச்சு. அதே கட்டுரையில இன்னொண்ணும் இருந்துச்சு: ஈஜி5ல 927ஆவது இடத்துல இருக்கிற திரியோனைன் மேல, செல் பிரியற நேரத்துல மட்டும் சிடிசி2ங்கிற நொதி ஒரு பாஸ்பேட்டை ஒட்டுது. அந்த இடத்தை பாஸ்பேட் ஒட்டாத மாதிரி மாத்திட்டா ஈஜி5 துருவத்துப் பக்கமே வர்றதில்ல. அதாவது செல்லோட கடிகாரம்தான் இந்த மோட்டாருக்கு வேலைக்கு வான்னு சீட்டு கொடுக்குது.

என்னைக் கேட்டா ஒளிரும் படங்களை விட இந்த ஊசி வேலைதான் பெரிசு. ஆனா இதுக்கும் எதிர்க் கேள்வி உண்டு. ஆன்டிபாடிக்கு ரெண்டு கை, ரெண்டு மோட்டாரை ஒண்ணாக் கட்டி, செல்லுல இல்லாத ஒரு குழப்பத்தை அதுவே உண்டாக்கி இருந்தா? ஃப்ளெமிங்குக்கு எதிரா நின்ன அதே கட்சியோட கேள்விதான், நியாயமான கேள்வியும்கூட. சாயத்துக்கு இனோவே வந்த மாதிரி இதுக்கும் வேற வழியில ஒரு சாட்சி வேணும். 1999ல வந்துச்சு. ஹார்வர்டுல 16,320 வேதிப்பொருள்களைச் சலிச்சதுல ஒண்ணு செல்லை அச்சு அசலா அதே ஒத்தைத் துருவப் பூவாக்குச்சு, அது தடுத்ததும் ஈஜி5ஐத்தான். மொனாஸ்ட்ரால்னு பேர் வச்சாங்க. ஆன்டிபாடி இல்ல, ரெண்டு கை இல்ல, ஒரு சின்ன மூலக்கூறு. கழுவிவிட்டா செல் மறுபடி ரெண்டு துருவம் கட்டிப் பிரிஞ்சது.

அதுக்கப்புறம் மருந்துக் கம்பெனிகள் விடுமா? டாக்ஸால் மாதிரி மருந்து நுண்குழலையே தாக்கறதால நரம்பும் பாதிக்கப்பட்டு கை கால் மரத்துப்போகும். ஈஜி5ஐத் தடுத்தா பிரியற செல் மட்டும்தான் நிக்கும்னு நம்பினாங்க. 2000களுக்கு அப்புறம் இஸ்பினெசிப்னு ஆரம்பிச்சு வரிசையா மனுஷங்ககிட்ட சோதிச்சாங்க. புற்றுநோய் எதிர்பார்த்த அளவு அடங்கல, வெள்ளணுக்கள் குறைஞ்சது. ஈஜி5 மருந்துன்னு ஒண்ணும் இதுவரைக்கும் கடைக்கு வரல. ஒரு காரணம், கிஃப்15ன்னு இன்னொரு மோட்டார், ஈஜி5 விழுந்தா அந்த வேலையை ஏத்துக்க முடியும்னு 2009ல தெரிய வந்தது.

ஆன்டிபாடி நம்பிக்கைப் பிரச்சனை மட்டும் தீரல. புட்டியில 'ஈஜி5 ஆன்டிபாடி'ன்னு ஒட்டியிருக்கிறதால அது ஈஜி5ஐ மட்டும்தான் பிடிக்கும்னு அர்த்தம் இல்ல. போன தடவை வாங்கின சரக்கும் இந்தத் தடவை வாங்கினதும் ஒண்ணா இருக்கணும்னும் இல்ல. 2015ல சூரிச் பல்கலைக்கழகத்து ஆந்திரேயாஸ் ப்ளுக்துனும் அமெரிக்காவுல இருந்த பிராட்பரியும், நூத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளோட கையெழுத்தோட 'நேச்சர்'ல எழுதினாங்க. முயலையும் ஹைப்ரிடோமாவையும் நம்பினது போதும், ஆன்டிபாடியோட ஜீன் வரிசையை எழுத்தா எழுதி வச்சுக்கிட்டு, எப்போ வேணுமோ அப்போ அதே வரிசையில இருந்து தயாரிக்கலாம்னு. கோஹ்லர் வட்டத்தைப் பார்த்துக் குதிச்ச அதே 'என்னைக்கும் ஒரே ஆன்டிபாடி' ஆசையோட அடுத்த படி இது.

வரிசை தெரிஞ்சாலும் சரியான ஆளைத்தான் பிடிக்குதான்னு சோதிச்சே ஆகணும். இன்னிக்குச் சிறந்த சோதனைன்னு சொல்றது, ஜீனை வெட்டி எடுத்து அந்தப் புரதமே இல்லாத செல்லைப் பண்ணி, அதுல ஆன்டிபாடி போட்டா இருட்டா இருக்கான்னு பார்க்கிறது. ஈஜி5க்கு அது சரிப்படாது. அது இல்லாத செல் பிரியாது, பிரியலைன்னா வளர்க்க முடியாது. அதனால ஆர்.என்.ஏ. போட்டு ஒண்ணு ரெண்டு நாளைக்கு ஈஜி5ஐக் குறைக்கிறோம். செல்கள் ஒண்ணொண்ணா சூரியகாந்திப் பூவாகி நிக்கும். அப்போ ஆன்டிபாடியைப் போட்டு, பக்கத்துல ஈஜி5 குறையாத செல்லையும் வச்சு, ஒரே வெளிச்ச அளவுல ரெண்டு படம். பூவான செல்லுல பச்சை மங்கியிருந்தா அந்தப் புட்டியை வச்சுக்கலாம். பூவும் இருந்து பச்சையும் அப்படியே இருந்தா, அது வேற யாரையோ பிடிச்சுட்டு இருக்கு.